படுக்கைத் துணை நிரப்ப வேண்டிய பக்கம்

மூன்றாம் பக்கம் எனக்கு.
முதல் இரண்டையும் நிமலன் நிரப்பிவிட்டான்:
வயது நாற்பத்திநான்கு, வின்னிபெக் நகரப் பேருந்து ஓட்டுநர்,
மாதத்தில் பதினொரு நாள் இரவு ஷிஃப்ட்.
நித்திரை எப்படி என்ற கேள்விக்கு
'நல்லம்' என்று ஒரே சொல்.

தூக்கம் என்று நான் சொன்னால் சிரிப்பான்.
அவன் ஊரில் தூங்குவதென்றால் கயிற்றில் தொங்குவது.

குறட்டை உண்டா?
'நேற்று உங்கள் பக்கம் பனி அள்ளும் மெஷினா?' என்று
சுவருக்கு அந்தப்புறத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.
மூச்சு நிற்பதுண்டா?
உண்டு. எண்ணுவேன். இருபத்தாறு வரை போயிருக்கிறது.
பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வருகிறவன் மாதிரி
ஓர் இழுப்பு. அப்போதுதான் நானும் மூச்சு விடுவேன்.
எழுந்து நடப்பதுண்டா?
ஒருமுறை, ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில்,
உறைந்த பரோட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றான்.
ஆளில்லாத நிறுத்தத்தில்
கதவு திறந்து மூடும் பேருந்து மாதிரி முகம்.

அடுத்த கேள்விக்கு நான்கு கோடு இடம்.
பேனா அங்கேயே நிற்கிறது.

இரண்டு மணிக்கு வரும் கை அவனுடையதுதான்.
கட்டைவிரல் தழும்பு எனக்குத் தெரியும்.
ஆனால் பதினாறு வருஷமாக அது
கழுத்தருகே வந்து நின்று
என் பதிலுக்குக் காத்திருக்கும் கை.
இரவில் வருவது காத்திருப்பதில்லை.
கண் திறந்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
பெயர் அவனைத் தாண்டிச் சுவரில் பட்டு விழுந்தது.
முழங்கையால் இடித்தேன்.
திரும்பிப் படுத்துக் குறட்டை தொடங்கினான்.

காலையில் முட்டை பொரித்துத் தந்தான்.
'ஏன் முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?'

முதல் வருஷம் ஆசை என்று நினைத்தேன்.
சில இரவு எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது,
அதை எழுத எந்தக் கோடு?
அடுத்த வருஷம், நடிக்கிறான் என்று.
அதற்கடுத்த வருஷம்
ஜீன்ஸ் போட்டுக்கொண்டு படுத்தேன்.

சொன்ன அன்று அவன் அழவில்லை.
கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தான்.
அடித்தள அறைக் கதவின் வெளிப்பக்கத்தில்
தானே திருகினான்.
'நீர் பூட்டும்' என்றான்.
பூட்டினேன். ஒன்பது இரவு.
சூடு வரும் துவாரத்தின் வழியாக
அவன் மூச்சு மேலே ஏறி வரும், நிற்கும்.
இருபத்திரண்டு, இருபத்திமூன்று,
இடிக்க முழங்கை எட்டவில்லை.
பத்தாம் இரவு தாழ்ப்பாளைத் திறந்தேன்.
திறந்துவிட்டு, அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ரோவேனா என்றொரு பெண்
அவன் தலையில் பசை தடவி இருபது வயர் ஒட்டினாள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்றில்
எங்கள் காருக்கும் ஒரு வயர் செருகியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்றோம்.
பெயரைப் பார்த்தே ஏற்பாடு செய்துவிட்டார்கள்.
டொராண்டோவிலிருந்து ஃபோனில் ஓர் ஆண் குரல்.
மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறது என்றார் டாக்டர்.
ஒவ்வொரு தடவையும் மூளையில் பாதிதான் எழுகிறது,
பசி எழுகிறது, கால் எழுகிறது, உடம்பு எழுகிறது,
ஆள் எழுவதில்லை.
குரல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி வந்து
கடைசியில் இருமியது:
'அதாவது, அந்தக் குடும்ப விஷயம்.'
'இல்லை' என்றேன்.
'தூக்கத்தில் உறவு. என் சம்மதம் கேட்காமல்.'
நிமலன் தரையைப் பார்த்தான்.
பிறகு, குரலிடம் அல்ல, என்னிடம்:
'ஓம்.'

இப்போது முகமூடி போட்டுப் படுக்கிறான்.
குழாயில் காற்று சீறுகிறது.
ஏழு வாரமாக அந்தக் கை வரவில்லை.
பகல் கையும் வரவில்லை, அதற்கு இப்போது பயம்.
நேற்று நான்தான் எடுத்து
என் கழுத்தருகே வைத்தேன்.
முகமூடிக்குள்ளிருந்து என்னவோ கேட்டான்,
புரியவில்லை. சரி என்றேன்.

பழக்கத்தில் எண்ணுகிறேன்.
நான்கைத் தாண்டுவதில்லை.
ஜீன்ஸ் தலைமாட்டில் மடித்தபடி இருக்கிறது.